சோறு இருக்கிறது, குழம்பு இல்லை: மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையோர வீடுகள் என்ன சாப்பிடுகின்றன?

கடைக்காரர் மகள் (தங்கச்சிமடம்)

என் அப்பா முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டுக்குப் பத்து அடியில் சின்னக் கடை. வியாபாரத்தில் பாதிக்கு மேல் பற்றுக் கணக்கு. வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. கணக்கு முடிந்த பழைய நோட்டுகளை எடைக்குப் போடச் சொன்னார். போடுவதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றைப் புரட்டினேன். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டு நோட்டு அது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

மார்ச் மாதப் பக்கங்களில் இப்படி இருக்கிறது: தேங்காய் 1, புளி 100, மிளகாய்த்தூள் 50, மல்லித்தூள் 50, சின்ன வெங்காயம் கால் கிலோ. இரண்டு நாள் விட்டு மறுபடியும் அதே வரிசை. புளியும் தேங்காயும் வாங்குகிறார்கள் என்றால் வீட்டில் மீன் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் விளக்கம் நம் ஊர்க்காரர்களுக்குத் தேவையில்லை.

ஏப்ரலில் தடை தொடங்கிப் படகு நின்றது. 20-க்குப் பிறகு புளி இல்லை. தேங்காய் இல்லை. ஊறுகாய் பாக்கெட் 3. பொட்டுக்கடலை 50, பச்சை மிளகாய் 5 ரூபாய்க்கு. அடுத்த நாள் ஊறுகாய் பாக்கெட் 3. மே மாதத்தில் மட்டும் 22 நாள் ஊறுகாய் எழுதியிருக்கிறது, எண்ணினேன். ஜூன் தொடக்கத்தில் ஒன்பது நாள் எதுவுமே எழுதவில்லை. அந்த ஒன்பது நாளும் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "பற்றை நிறுத்திவிட்டேன்" என்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மொத்த வியாபாரிக்கு அவரும் பணம் கட்ட வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வெற்றுப் பக்கத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நம் கரையில் யாரையும் "பட்டினி" என்று சொல்ல மாட்டோம். ரேஷன் அரிசி இருக்கிறது, உலை கொதிக்கிறது. ஆனால் மீன் பிடிக்கிற வீட்டில் இரண்டு மாதம் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவதை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? உங்கள் ஊர்களில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வடகடல் (ராமேசுவரம்)

தங்கை எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு நோட்டோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் விசைப்படகில் போனவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கரையில் இருக்க வேண்டும். தடை 2001-இல் வந்தபோது 45 நாள், 2017-இலிருந்துதான் 61. தடை தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். சினை மீனை அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு வலையில் வெறும் சேறுதான் வரும். ஆனால் கடலைக் காப்பாற்றுவதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 33 ரூபாய் கூட வராது. அதிலும் பணம் தடை தொடங்கும் நாளில் வருவதில்லை. எங்கள் வீட்டில் அது கைக்கு வந்தபோதெல்லாம் ஏற்கனவே வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டிருப்போம். வந்த பணம் வட்டிக்காரரிடம் போகும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கூலியை விடப் பெரிய இழப்பு கறிமீன்தான். படகு கரைக்கு வந்ததும் பங்கு பிரிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்கு என்று ஒரு பை எடுத்துக்கொள்வோம். காரல், சூடை, சின்ன நகரை, இரண்டு கணவாய் என்று விலை போகாத மீனாக இருக்கும். அதற்குக் கணக்கு இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் உடம்பு அந்தப் பையில் வளர்ந்த உடம்பு. படகு நின்றால் கூலி நிற்பது எல்லாருக்கும் தெரிகிறது. அந்தப் பை நிற்பது எந்தத் தாளிலும் இல்லை.

தடைக்காலத்தில் நாட்டுப்படகு போகலாமே, அந்த மீன் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். விசைப்படகு நிற்பதால் அதன் விலை ஏறிவிடும், மதுரைக்கும் கேரளத்துக்கும் போய்விடும். பிடித்தவர் வீட்டிலேயே அந்த நாளில் கறிக்கு எடுக்க மனம் வராது, விற்றுவிடுவார்கள்.

கீழக்கரையான் (தற்போது துபாய்)

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து ஒன்று. தடை எப்போது வரும் என்று ஜனவரியிலேயே தெரியும். மாசி, பங்குனியில் நல்ல மீன்பாடு கிடைக்கிற மாதங்களில் வாரத்துக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் கூட இரண்டு மாதம் கடத்தலாம். நாங்கள் இங்கே எட்டுப் பேர் ஒரு அறையில் தங்கி மிச்சம் பிடிக்கிறோம். நம் கரையில் வரும் பணம் நிற்பதில்லை. அதில் மதுக்கடைக்குப் போவது எவ்வளவு என்றும் பேச வேண்டாமா? எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைக் கேட்டால் எப்படி?

வடகடல்

தம்பி, மதுக்கடைக்குப் போகும் பணத்தைப் பற்றிப் பேசுவோம், நான் மறைக்க மாட்டேன். என் கூடவே வந்தவர்களில் அப்படி அழிந்தவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன்.

ஆனால் சேமிப்புக் கணக்கு நீங்கள் நினைப்பது போல் இல்லை. ராமேசுவரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது. காற்று எச்சரிக்கை வந்தால் அனுமதிச் சீட்டு கிடையாது. எங்களில் யாரையாவது இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம், அது பத்து நாளும் ஓடும். வாடைக்காற்றில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் படுத்துக்கிடந்த வீடு மாசியில் எழுந்ததும் முதலில் அந்தக் கடனைக் கட்டுகிறது. பிறகு படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம். பிறகு பெண்கள் குழுக் கடனின் வாரத் தவணை, அது கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அதே கிழமையில் வாசலில் வந்து நிற்கும். மிச்சம் இருந்தால் தானே ஒதுக்குவது?

அரசாங்கமும் சேமிக்கச் சொல்கிறது, நாங்களும் சேமிக்கிறோம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாங்கள் 1,500 கட்டினால் மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் அதே போல் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அந்த 1,500-ஐக் கட்டுவதற்கே காதுத் தோட்டை அடகு வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

அளவைக்காரன் (திருவாடானை வட்டம்)

ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். அரிசியைப் பற்றி நான் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலை இல்லை. பிற மாநிலங்களில் இருப்பது போல வறுமைக்கோட்டு அட்டைக்கு மட்டும் என்று இல்லாமல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொடுக்கிறோம். இந்த அரிசி மட்டும் இல்லை என்றால் இந்தக் கரையின் நிலையை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ கணக்கு, நால்வர் என்றால் 20 கிலோ. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் உழைப்பாளி வீட்டில் 20 கிலோ என்பது இருபது நாள் வந்தால் பெரிது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய்க்குப் பாமாயில் ஒரு லிட்டர். அதுதான் மொத்த மாதத்துக்கும்.

தடைக்காலத்தில் கடையில் ஒரு மாற்றம் தெரியும். மற்ற மாதங்களில் பருப்பை மெதுவாக வந்து வாங்குபவர்கள் அந்த இரண்டு மாதமும் முதல் நாளே வரிசையில் நிற்பார்கள். மீன் இல்லாத வீட்டுக்கு அந்த ஒரு கிலோ பருப்புதான் கறி. ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 கிராம், நான்கு பேருக்கு.

இன்னொரு துன்பம் விரல் ரேகை. கயிறு இழுத்து, உப்பில் ஊறி, நண்டு வலை பிரித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, வேறு வழியில் பதிவு செய்து கொடுக்கலாம். நான் கொடுக்கிறேன். ஆனால் கூட்டம் நிற்கும்போது "நாளைக்கு வா" என்று சொல்லிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த நாளைக்கு அவர் கடலில் இருப்பார். கைகளைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்க்கும் ஒரு கிழவி எங்கள் கடைக்கு வருகிறார். தன் விரலையே குற்றவாளியைப் போலப் பார்ப்பார். அதைப் பார்க்க முடியவில்லை.

கடற்கரைப் பள்ளி ஆசிரியை

நாள்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15-இல் தடை தொடங்குகிறது. அதே மாதக் கடைசியில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. பள்ளி மறுபடி திறப்பது ஜூனில். வீட்டில் மீன் நிற்கிற அதே வாரங்களில்தான் பள்ளியில் சாப்பாடும் நிற்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் மூடுகின்றன.

காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இந்தக் கரையில் என்ன செய்தன என்பதை வகுப்பில் நின்றால்தான் தெரியும். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதற்குப் பிறகு முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள் குறைந்தார்கள். நான் கண்ணால் கண்டது இது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அதே பிள்ளைக்குக் காலையில் பசிக்காது என்று யார் சொன்னது?

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். மதியம் கொடுக்கும் முட்டையைச் சாப்பிட மாட்டாள். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முட்டையைச் சுற்றி, பைக்குள் வைத்துக்கொள்வாள். முதலில் அதட்டினேன். வீட்டில் இரண்டரை வயதுத் தம்பி இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை, அவளும் வளர வேண்டிய பிள்ளைதானே.

அந்தப் பெண்ணின் கோடை விடுமுறையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தடைக்காலம் உள்ள கடலோர ஊர்களில் மட்டுமாவது விடுமுறையிலும் சமையல் கூடத்தைத் திறந்து வைக்க முடியாதா? கட்டடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கும் அம்மாவும் அதே ஊர்க்காரர்.

செவிலியர் அக்கா

ஆசிரியை சொன்ன பிள்ளைக்கு வீட்டில் ஒரு தாய் இருப்பாளே, அவளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4. இது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. அரிசி தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கிற மாநிலத்தில் இந்த நிலை என்றால், வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களிடம் "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பேன். "சோறு" என்பார்கள். "என்ன குழம்பு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "காலையில்?" "டீ." "ராத்திரி?" "பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்." இந்த உரையாடலை நான் ஆண்டு முழுவதும் நடத்துகிறேன், மே மாதத்தில் பதில் இன்னும் சுருங்கும். கணவனுக்கும் பிள்ளைக்கும் போட்ட பிறகு சட்டியைச் சுரண்டி எடுப்பதுதான் அவள் பங்கு. சட்டியில் மீன் இருக்கும் மாதங்களில் அந்தச் சுரண்டலில் ஒரு தலையும் இரண்டு முள்ளும் குழம்பின் சத்தும் இருக்கும். ஊறுகாய் மாதங்களில் அவளுக்கு உப்பும் காரமும் மட்டும். வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டு எரிச்சலோடு வருவார்கள், இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் உண்டு, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம். பெட்டகத்தில் உள்ள சத்துமாவை வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் குடிக்கிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

பாசிக்காரி (பாம்பன் பக்கம்)

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

நாங்கள் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கடற்பாசி எடுக்கிறவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாறையில் இருந்து பிய்க்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. வியாபாரி கிலோ கணக்கில் எடுப்பார், அவர் சொல்வதுதான் விலை. இந்த வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. என் தாயும் அவள் தாயும் போன இடத்துக்கு நான் போனால் பயந்து பயந்து போக வேண்டும். நாங்களும் கடலை அழிக்க வரவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று எங்கள் ஊர்ப் பெண்களே பேசி முடிவு செய்தோம், யாரும் சொல்லித்தரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. வீட்டுக்காரர் படகு நிற்கும்போது என் பாசிக் காசில்தான் வீடு ஓடும். ஆனால் கச்சான் காற்று எழுந்துவிட்டால் நானும் இறங்க முடியாது. அப்படி இருவரும் கரையில் நின்ற ஒரு வைகாசியில், என் மாமியார் முருங்கைக்கீரையும் பனங்கிழங்கு மாவும் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள். பத்து நாள் அதுதான். அவர்கள் தனுஷ்கோடியில் பிறந்தவர்கள், 1964 புயலில் எல்லாம் போய் வெறும் கையோடு வந்த குடும்பம். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குப் பாதிதான் தெரியும். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் பாக்கெட் பிரித்துத்தான் பழகியிருக்கிறாள்.

குடிக்கிற தண்ணீரையும் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதையும் எழுது என்றேன்.

படகு உரிமையாளர் மகன் (மண்டபம்)

உரிமையாளர்கள் எல்லாம் வசதியானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எங்களுக்கு இருப்பது ஒரு படகு. அதை இலங்கையில் சிறைபிடித்து நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் சில வாரங்களில் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. கடன் மட்டும் மாதந்தோறும் நிற்கிறது. அந்தப் படகில் போன ஐந்து பேர் வீட்டுக்கும் அதற்குப் பிறகு நிரந்தரப் படகு இல்லை. சிறையில் இருக்கும் வரை குடும்பத்துக்குத் தினசரி உதவித்தொகை உண்டு, ஆள் வெளியே வந்ததும் அதுவும் நின்றுவிடும். வந்த ஆளுக்கு வேலை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் வீட்டுத் தடைக்காலத்துக்கு ஜூன் 14 என்று ஒரு முடிவு நாள் கிடையாது.

கீழக்கரையான்

மேலே எழுதியவற்றை இரண்டு முறை படித்தேன். சேமிப்பைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மதுவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, அண்ணனும் அதை மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்போம். சிறுவயதில் வாப்பா வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பத் தவறிய மாதங்களில் உம்மா தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையை இரண்டாம் முறை பிழிந்து, அதில் மாங்காயும் உப்பும் போட்டு ஆணம் என்று ஊற்றுவார். நாங்கள் கேட்காமல் சாப்பிடுவோம். அதை இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு யோசனை: மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கேரளப் படகுகளுக்குப் போகலாமே?

வடகடல்

போகிறார்கள் தம்பி, இளவட்டங்கள் நிறையப் பேர் போகிறார்கள். பணம் வருகிறது. ஆனால் போனவருக்கு அங்கே கறிமீன் கிடைக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் அனுப்பும் வரை ஊறுகாய்தான். ஐம்பது வயதுக்கு மேல் என்னைப் போன்றவனை அங்கே யாரும் படகில் ஏற்றுவதில்லை. கரையில் படகுக்குச் சாயம் அடிக்கிற வேலை, வலை பொத்துகிற வேலை நாலு பேருக்குக் கிடைக்கும்.

கடைக்காரர் மகள்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒன்பது நாள் பற்றை நிறுத்திய அந்த வீட்டுக்கு அவர் ஜூன் 12-ஆம் தேதி ஒரு கிலோ பருப்பு கணக்கில் எழுதாமல் கொடுத்தாராம். நோட்டில் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

மே 1 கிராம சபை தடைக்காலத்துக்கு நடுவில் வருகிறது. அதில் தீர்மானமாகக் கொண்டுவர மூன்று கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறேன். நிவாரணப் பணம் ஏப்ரல் 15-க்கு முன்பே வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். தடைக்காலத்தின் இரண்டு மாதமும் ரேஷனில் பருப்பு இரண்டு மடங்கு வேண்டும், முடிந்தால் முட்டையும். விடுமுறையில் பள்ளிச் சமையல் கூடம் திறந்திருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை. முதலாவதற்குச் செலவு எதுவும் இல்லை, தேதியை மாற்றினால் போதும். அதனால் அதை முதலில் வைத்தேன். ஊராட்சித் தீர்மானம் ஒன்றால் மட்டும் இது நடந்துவிடாது என்று எனக்குத் தெரியும். பத்து ஊரில் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் நிறைவேறினால் மாவட்ட நிர்வாகம் படித்தாக வேண்டும்.

அளவைக்காரன்

விரல் ரேகையையும் சேருங்கள். மீனவர் ஊர்க் கடைகளில் ரேகை விழாவிட்டால் அன்றே பொருள் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. எங்கள் ஊரில் தீர்மானத்தை நானே படிக்கிறேன்.

கடற்கரைப் பள்ளி ஆசிரியை

வாசகத்தை இங்கேயே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன். விடுமுறையில் ஊரில்தான் இருப்பேன்.

செவிலியர் அக்கா

பெயர் இல்லாமல் எடைக் குறிப்புகளை மாதவாரியாகத் தருவதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்கிறேன். மார்ச் எடையையும் ஜூன் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

பாசிக்காரி

மே 1 அன்று காற்று அடங்கியிருந்தால் நான் கடலில் இருப்பேன், அந்த ஒரு நாளை விட முடியாது. என் மாமியார் வருவார்கள். கிராம சபையில் பேசியது இல்லை. ஆனால் பேசச் சொன்னால் பேசுவார்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.